தெரிந்த குறைக்கு ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ துணை வராது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகேயுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது அறுபத்தொன்று. பள்ளி ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2012ஆம் ஆண்டுக் கார் ஒன்றை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறார். மகனின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக அதை 82,000 ராண்டுக்கு விற்கப் பேசி முடித்திருக்கிறார். வாங்குபவர் மேரிபேங்கைச் சேர்ந்த இளம் செவிலியர். காவடி நாட்களில் கோவிலில் பழகிய குடும்பத்துப் பெண், இவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவார். வேலைக்குத் தினமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வர அவருக்குக் கார் வேண்டும். 5,000 ராண்ட் முன்பணம் கொடுத்துவிட்டார், மீதியோடு சனிக்கிழமை வருகிறார். அந்த முன்பணம் கட்டணத்துக்குப் போய்விட்டது.

காரில் குறை இருக்கிறது. நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் சூடேறுகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. எஞ்சினுக்குள் தண்ணீரும் எண்ணெயும் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, சரிசெய்ய 16,500 ராண்ட் ஆகும் என்று மெக்கானிக் வாட்ஸப்பில் எழுதி அனுப்பியிருக்கிறார். ‘கசிவை அடைக்க ஒரு மருந்து ஊற்றிவிடலாம் அண்ணா, இரண்டு மூன்று மாதம் தாங்கும்’ என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ‘காரில் ஏதாவது பிரச்சினை உண்டா அங்கிள்?’ என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ‘ஒரு பிரச்சினையும் இல்லை, நன்றாக ஓடுகிறது’ என்று இவர் பதில் அனுப்பிவிட்டார். கார் வாங்கி விற்கும் மருமகன், ‘ஃபூட்ஸ்டூட்ஸ் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும் மாமா, அதற்குப் பிறகு நம்மை யாரும் கேட்க முடியாது’ என்கிறார். பொருளை இருக்கிறபடியே விற்கிறேன் என்று சொல்லும் வார்த்தை அது. கடிதத்தின் அடியில் இரண்டு வரி: 2021இல் முன்பக்கம் இடிபட்டபோது வெடித்த ஏர்பேக்குகளை மாற்றவில்லை. டேஷ்போர்டில் எரிந்துகொண்டே இருந்த எச்சரிக்கை விளக்கை மெக்கானிக் கழற்றிவிட்டார்.

‘புரட்டாசி விரதம் இருந்துகொண்டு பொய் சொல்ல மனம் கூசுகிறது. ஆனால் சட்டப்படி நான் சொல்லியே ஆகவேண்டுமா?’ என்று கேட்கிறார்.

ஐயா,

சொல்லியே ஆகவேண்டும். சனிக்கிழமைக்கு முன்பாக, இரண்டு குறைகளையும், எழுத்திலேயே. மனம் கூசியது என்று எழுதினீர்களே, அதனால்தான் உங்களிடம் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். பணத்தட்டுப்பாட்டில் அவசரமாக ஒரு பதில் அனுப்பிவிட்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ள இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. கார் கைமாறியபின் இந்தக் கடிதம் வந்திருந்தால் நான் எழுதக்கூடியது வேறாக இருந்திருக்கும்.

அந்த ஒரு வார்த்தை எதைக் காக்கும்

வீடோ காரோ பழைய ஃபிரிட்ஜோ, நம் ஊரில் எது கைமாறினாலும் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்ற சொல் வந்துவிடும். காலால் தள்ளிவிடுவது என்ற பொருளுள்ள டச்சு வழக்கிலிருந்து வந்தது. இருப்பது இருக்கிறபடி எடுத்துக்கொள் என்பது அதன் கருத்து.

அது ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் விற்பவரிடம் மிகக் கடுமையானது. வெளியே தெரியாத குறை பொருளுக்குள் இருந்து, அது பொருளின் பயனைப் பெரிதும் கெடுப்பதாக இருந்தால், விற்றவருக்கே அது தெரியாமல் இருந்தாலும் அவர்தான் பொறுப்பு. ஒன்றும் அறியாமல் விற்ற மனிதருக்கு இது பெரும் சுமை. அந்தச் சுமையை இறக்கிவைக்கத்தான் ஃபூட்ஸ்டூட்ஸ். ஆகவே அது காப்பது உங்கள் அறியாமையை. தெரிந்து மூடிவைத்ததை அது காக்காது. 1991இல் ஃபான் டெர் மெர்வே எதிர் மீட்ஸ் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஒப்பந்தம் ஆன நேரத்தில் விற்றவருக்குக் குறை தெரிந்திருந்தது, ஏமாற்றும் எண்ணத்தோடு வேண்டுமென்றே அவர் மறைத்தார் என்ற இரண்டையும் வாங்கியவர் நிரூபித்துவிட்டால் அந்த வார்த்தை விற்றவருக்கு உதவாது.

‘நிரூபிப்பது லேசா?’ என்று உங்கள் மருமகன் கேட்பார். பல வழக்குகளில் அது கடினம்தான், மறுக்கமாட்டேன். இன்னொருவருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்று காட்டுவது சிரமம். ஆனால் உங்கள் விஷயத்தில் யாரும் உங்கள் மனதுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மெக்கானிக் அனுப்பிய 16,500 ராண்ட் மதிப்பீடு இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் அனுப்பிய பதில் இருக்கிறது. அந்த மருந்தையும் ஊற்றினால், அடுத்த மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்ததுமே அதன் கசடு கண்ணில் படும். கழற்றிய விளக்கு ஒன்றே போதும்: குறை தெரியாதவர் விளக்கைக் கழற்றமாட்டார். செய்திகளை அழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதே செய்தி எதிராளியின் கைப்பேசியில் இருக்கும், அழித்ததே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

இன்னொன்று. வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு, ‘ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று எழுதுவது வேறு. ‘நல்ல வண்டி, ராசியான வண்டி’ என்று விற்பவர் புகழ்வதைச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. பொருளின் தன்மையைப் பற்றி, வாங்குபவர் நம்பி முடிவெடுக்கும்படி நீங்கள் சொன்னது அந்தப் புகழ்ச்சிக் கணக்கில் சேராது. 1973இல் ஃபேம் எதிர் பைசஸ் வழக்கு முடிந்ததிலிருந்து, அப்படிச் சொன்னது உண்மையில்லை என்றாலே வாங்கியவர் விலைக்குறைப்போ ரத்தோ கேட்கலாம். அவர் நேராகக் கேட்டார், நீங்கள் நேராகப் பதில் சொன்னீர்கள். இதற்கும் ஃபூட்ஸ்டூட்ஸ் காப்பாகாது.

உங்கள் வீட்டார் சொல்லும் மற்ற இரண்டு

ரோட்வொர்த்தி சான்றிதழ் கையில் இருப்பதால் கார் நல்லது என்று அரசே சொன்ன மாதிரி என்று மகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனை பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, சஸ்பென்ஷன் போன்றவை அன்றைய நிலையில் சாலைக்குத் தகுதியா என்று பார்ப்பது. எஞ்சினைப் பிரித்து கேஸ்கெட்டைப் பார்ப்பதில்லை. பதிவை மாற்ற அது வேண்டும், அறுபது நாள்தான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறைக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாத உத்தரவாதம் தருகிறது, வேண்டுமானால் அவர் திருப்பித் தரட்டும் என்கிறார் மருமகன். 2008ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தொழிலாக விற்பவர்களுக்கானது. சொந்தக் காரை ஒருமுறை விற்கும் உங்களுக்கு அது பொருந்தாது. அதாவது அந்தப் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது, உங்கள் வாய்ச்சொல்லைத்தான் அவர் நம்பியிருக்கிறார். அதே சமயம், ‘என் மூலமாக விற்றுத் தருகிறேன்’ என்று மருமகன் முன்வந்தால் யோசியுங்கள். கார் வாங்கி விற்பதையே வழக்கமாக வைத்திருப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவார்.

நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோன விஷயம்

கேஸ்கெட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஏர்பேக்கைப் பற்றி இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு நான் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

ஐயா, கேஸ்கெட் போனால் கார் நிற்கும், பணம் போகும், மனஸ்தாபம் வரும். ஏர்பேக் இல்லாத கார் மோதினால் போவது உயிர். மோதிய கணத்தில், கண் இமைப்பதற்குள் அது விரிந்து தலையையும் மார்பையும் ஸ்டியரிங்கிலிருந்து காக்க வேண்டும். அந்தப் பெண் தினமும் போகப்போவது என்3 நெடுஞ்சாலை. டர்பன் துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் ஓடும் லாரிகள் எல்லாம் அந்த வழிதான். மூடுபனி நாட்களில் கேட்டோ ரிட்ஜ் பக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு அவர் அந்தச் சாலையில் வருவார். ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுதிய மூடி மாட்டியிருக்கிறது. எச்சரிக்க வேண்டிய விளக்கு எரியாது. இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்டுவார்.

இதை அவர் வேறு எங்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. காப்பீட்டு நிறுவனம் ஒரு காரைத் தேறாது என்று தள்ளி, அது மறுபடி கட்டப்பட்டுச் சாலைக்கு வந்தால் நேட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவேட்டில் கோட் 3 என்று இருக்கும். நீங்கள் காப்பீடு இல்லாமல் சொந்தச் செலவில் சரிசெய்ததால் உங்கள் கார் இன்றும் கோட் 2, சாதாரணப் பழைய கார். பதிவேட்டுக்குத் தெரியாது, ரோட்வொர்த்தி சான்றிதழிலும் எழுதியிருக்காது. உலகத்தில் இது தெரிந்தவர்கள் நீங்களும் அந்த மெக்கானிக்கும்தான். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

நான்கு வருடமாக உங்கள் மனைவியையும் அந்த இருக்கையில் உட்காரவைத்துத்தான் ஓட்டியிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை, செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டிருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அபாயத்தை நீங்கள் தெரிந்து சுமந்தீர்கள். அவர் தெரியாமல் சுமப்பார்.

குறையை எழுதிக் கொடுத்தால் சட்டத்தின் முன் உங்கள் நிலை பெரிதும் சீராகும். அதற்கு மேல் நான் சொல்வது என் சொந்தச் சொல்: ஏர்பேக்கைச் சரிசெய்யாமல் அந்தக் காரை அவர் கையில் கொடுக்காதீர்கள். விலையைக் குறைத்துக்கொண்டாவது, அந்தப் பணத்தில் முதல் வேலை அதுதான் என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். தெரிந்த பட்டறையில் பாருங்கள். ஏர்பேக் வெடிக்கும்போது சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் பெரும்பாலும் சேர்ந்து வெடித்திருக்கும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மறைத்து விற்றால்

கணக்கைப் பாருங்கள். வாங்கியவர் விற்பனையை ரத்து செய்து காரைத் திருப்பிக் கொடுத்து 82,000 ராண்டை வட்டியோடு கேட்கலாம். அல்லது காரை வைத்துக்கொண்டு, கொடுத்த விலைக்கும் காரின் உண்மையான மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். ஏமாற்றியது உறுதியானால் அதனால் வந்த மற்ற நஷ்டங்களும் சேரும். வித்தியாசம் 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கே போகலாம். அங்கே வழக்கறிஞர் நிற்க முடியாது. ஆணையர் முன்னால் நீங்களும் அந்தப் பெண்ணும்தான் உட்கார்ந்து பதில் சொல்வீர்கள். அவர் கைப்பேசியை எடுத்து உங்கள் பதிலைப் படித்துக் காட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வந்த தீர்ப்பின்மேல் மேல்முறையீடும் கிடையாது.

நாள் கடந்தால் விட்டுப்போகும் என்றும் எண்ண வேண்டாம். இப்படிப்பட்ட கோரிக்கைக்கு மூன்று ஆண்டு காலவரம்பு. ஆனால் கடன்பட்டவரே, அதாவது இங்கே விற்றவரே, வேண்டுமென்று விஷயத்தை மறைத்திருந்தால், மற்றவருக்கு அது தெரியவரும் நாள்வரை அந்த மூன்று ஆண்டு ஓடத் தொடங்காது. மறைப்பது உங்கள் பொறுப்பின் காலத்தை நீட்டத்தான் செய்யும்.

தெரிந்தே பொய் சொல்லி ஒருவருக்கு நஷ்டம் உண்டாக்குவது மோசடிக் குற்றமும் ஆகும். நஷ்டம் நடந்திருக்கவும் வேண்டாம், நேரக்கூடும் என்றாலே போதும். அந்தப் பெண்ணுக்கு உடலில் அடிபட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்போது உங்கள்மேல் வழக்கு வராது என்று எந்த வழக்கறிஞரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. நானும் தரமாட்டேன்.

எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா?

வேண்டாம், இதில் உங்களுக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. பம்பரில் கீறல், இருக்கையில் கிழிசல், தேய்ந்த டயர் எல்லாம் பார்த்தாலே தெரிவது. கண்ணில் படுவதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வருடக் காருக்கு இயல்பான தேய்மானம் குறையல்ல. எவ்வளவுக்கு வாங்கினீர்கள், ஏன் விற்கிறீர்கள் என்பதும் உங்கள் சொந்த விஷயம். கேட்டால் பொய் சொல்லாமல் இருந்தால் போதும். நீங்கள் சொல்ல வேண்டியது உங்களுக்குத் தெரிந்த, அவருக்குத் தெரிய வழியில்லாத, விலையையோ பாதுகாப்பையோ பாதிக்கும் குறையை. உங்கள் காரில் அப்படி இரண்டுதான்.

சனிக்கிழமைக்குள்

இன்று மாலையே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யுங்கள். முதலில் குரலில் சொல்லுங்கள், பிறகு எழுத்தில் அனுப்புங்கள். சுற்றி வளைக்காமல், ‘அம்மா, அன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று எழுதினேன், அது சரியில்லை’ என்று தொடங்கினால் மற்றது தானே வரும். மெக்கானிக் மதிப்பீட்டையும் அப்படியே அனுப்புங்கள்.

பொருளும் விலையும் பேசி முடிந்து முன்பணமும் கைமாறிவிட்டதால் விற்பனை ஒப்பந்தம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது என்றே நான் வைத்துக்கொள்வேன். உங்கள் தவறான பதிலை நம்பித்தான் அவர் ஒத்துக்கொண்டார் என்பதால் விலக அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நீங்களே நீட்டுங்கள். விலகினால் 5,000 ராண்டையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். செலவாகிவிட்டது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, ஒரு தேதி குறித்துக் கொடுங்கள். விலகவில்லை என்றால் இரண்டு வழி. நீங்கள் கேஸ்கெட்டையும் ஏர்பேக்கையும் சரிசெய்து, பட்டறை ரசீதோடு பேசிய விலைக்கே கொடுக்கலாம். அல்லது இரண்டு வேலைக்கும் ஆகும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு கொடுக்கலாம். கையில் பணம் இல்லாத நிலையில் உங்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. ஏர்பேக் செலவை நீங்கள் இதுவரை விசாரிக்கவே இல்லை, முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். தெரியாத தொகையைக் கழிக்க முடியாது. அவர் தன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்க்க விரும்பினால் மறுக்க வேண்டாம்.

எல்லாம் தெரிந்த பிறகும் அவர் ‘சரி அங்கிள், எடுத்துக்கொள்கிறேன்’ என்றால், அந்த இரண்டு குறைகளுக்காக நாளை அவர் உங்களிடம் வர முடியாது. மருமகன் ஒரு வார்த்தையில் தேடுகிற பாதுகாப்பு உங்களுக்கு இப்படித்தான் கிடைக்கும்.

என் அப்பா டோங்காட்டில் கரும்புத் தோட்ட வேலைக்காக பேக்கி என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கப் போனபோது, விற்றவர் பணத்தைக் கையில் வாங்கும் முன், ‘மூன்றாவது கியர் ஏற்றத்தில் நழுவும், கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்’ என்று சொன்னாராம். அப்பா விலையைக் குறைத்து வாங்கினார். பதினோரு வருடம் அந்தக் கியரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினார். விற்றவரும் அவரும் கடைசிவரை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய்வந்தார்கள்.

காகிதத்தில்

ஒரே ஒரு பக்கம் போதும். இருவர் பெயர், அடையாள எண், காரின் எஞ்சின் எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், விலை, தேதி. அதற்குக் கீழே இப்படி எழுதுங்கள்: ‘நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும், ஹெட் கேஸ்கெட் பழுது என்று மெக்கானிக் சொன்னார், மதிப்பீட்டின் நகல் வாங்குபவரிடம் தரப்பட்டது. 2021இல் முன்பக்க விபத்து, ஏர்பேக்குகள் மாற்றப்படவில்லை, எச்சரிக்கை விளக்கு கழற்றப்பட்டிருந்தது. இவை தெரிந்தே வாங்குபவர் இந்த விலைக்கு ஒத்துக்கொண்டார்.’ சனிக்கிழமைக்குள் எது சரிசெய்யப்பட்டதோ அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். பிறகு தாராளமாக ஃபூட்ஸ்டூட்ஸ் என்றும் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத வேறு குறை நாளை வந்தால் அது அப்போது உண்மையாகவே உங்களைக் காக்கும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி.

பணம் உங்கள் கணக்கில் வந்து நின்றதைப் பார்த்தபின் சாவியைக் கொடுங்கள், வங்கிச் செய்தியின் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். கைமாறியதும் என்சிஓ என்ற உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை லைசென்சிங் அலுவலகத்தில் நீங்களே கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர் 21 நாளுக்குள் தன் பெயரில் பதிய வேண்டும். நீங்கள் அறிவிக்காமல் விட்டால் அவர் வாங்கும் அபராதச் சீட்டுகள் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

மெக்கானிக்கிடம் அந்த மருந்து வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். கழற்றிய விளக்கைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை அந்தப் பெண் சாவியைத் திருப்பும்போது, ஏர்பேக் இன்னும் சரியாகவில்லை என்றால், அந்த விளக்கு அவர் கண்முன் எரியட்டும்.